டின்டாஜெல் யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

வணக்கம். நான் எக்ஸிடரில் வேலை பார்க்கிறேன். உங்கள் தளத்தைத் தொடர்ந்து வாசிப்பவன், எழுதுவது இதுதான் முதல் முறை.

கோடை விடுமுறையில் குடும்பத்தோடு, இங்கிலாந்தின் தென்மேற்கு முனையான கார்ன்வாலின் வடக்குக் கரையில் இருக்கும் டின்டாஜெல் கோட்டைக்குப் போயிருந்தோம். மகனுக்குப் பத்து வயது, ஆர்தர் அரசன் என்றால் உயிர். அந்த ஊரில் எங்கு திரும்பினாலும் ஆர்தர்தான். கடற்கரைப் பாறையில் மெர்லின் மந்திரவாதியின் முகத்தைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே முனையில் வாளை ஊன்றி நிற்கும் பெரிய வெண்கலச் சிலை. கடைகளில் மரவாள், மந்திரக்கோல், கிரீடம். பையனுக்குக் கொண்டாட்டம். எனக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. இரவு தேடிப் பார்த்தால் ஆர்தர் என்று ஒருவர் இருந்ததற்கே உறுதியான சான்று இல்லை என்கிறார்கள்.

மறுநாள் காலை, நாங்கள் தங்கியிருந்த வீட்டுக்காரப் பெண்மணியிடம் இதைச் சொன்னேன். அவர் வேறொரு கோபத்தை எடுத்து வைத்தார். "ஆர்தர் இருந்தாரோ இல்லையோ, அது எங்கள் கதை. நாங்கள் கெல்டிக் மக்கள், ஆங்கிலேயர் இல்லை. எங்கள் இடத்தில் 'இங்கிலீஷ் ஹெரிடேஜ்' என்று பலகை வைத்துக் காசு வாங்குகிறார்கள்" என்றார். இங்கிலாந்தின் பழைய சின்னங்களைப் பராமரிக்கும் அமைப்பு அது. என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

என் கேள்வி இதுதான். ஒரு தொல்லியல் இடத்தில் பொய்யான கதையை வைத்து வியாபாரம் செய்வது மோசடி இல்லையா? அதையெல்லாம் எடுத்துவிட்டு வரலாற்றை மட்டும் வைத்தால் என்ன? அப்புறம், அந்த அம்மா சொன்னதுபோல அந்த இடம் உண்மையில் யாருடையது?

எம்.

அன்புள்ள எம்.,

கதையை எடுத்துவிட்டு வரலாற்றை மட்டும் வைக்கலாமே என்கிறீர்கள். மற்ற இடங்களில் செய்யலாம். டின்டாஜெலில் அப்படிச் செய்யப்போனால் முதலில் இடிக்க வேண்டியது கோட்டையைத்தான். ஏனென்றால் அந்தக் கோட்டையைக் கட்ட வைத்ததே அந்தக் கதை.

சுமார் 1136இல் ஜெஃப்ரி ஆஃப் மன்மத் என்ற மதகுரு பிரிட்டன் அரசர்களைப் பற்றி லத்தீனில் ஒரு வரலாறு எழுதினார். வரலாறு என்று அவர்தான் சொல்லிக்கொண்டார். அதில் வரும் கதை உங்கள் மகனுக்குத் தெரிந்திருக்கும், முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊதர் பென்ட்ராகன் என்ற அரசன் கார்ன்வால் பிரபு கோர்லோயிஸின் மனைவி மீது ஆசைப்படுகிறான். பிரபு மனைவியை டின்டாஜெலில் பத்திரப்படுத்திவிட்டு வேறொரு கோட்டையில் இருந்து போரிடுகிறான். டின்டாஜெலைச் சுற்றிக் கடல், உள்ளே நுழையும் குறுகிய பாதையை மூன்று பேர் ஆயுதத்தோடு நின்றால் ராஜ்யத்தின் முழுப் படைக்கும் எதிராகக் காத்துவிடலாம் என்கிறார் ஜெஃப்ரி. மெர்லின் தன் வித்தையால் ஊதருக்குக் கணவனின் உருவத்தைக் கொடுக்கிறான். காவலாளிகள் கதவைத் திறந்துவிடுகிறார்கள். அன்றிரவு ஆர்தர் கருவில் வருகிறான், அதே இரவில் கோர்லோயிஸ் போரில் சாகிறான். கவனியுங்கள், ஆர்தர் அங்கே பிறந்ததாக ஜெஃப்ரி சொல்லவில்லை. பிறந்த இடம் என்பது பிற்பாடு ஒட்டிக்கொண்டது.

ஜெஃப்ரி எழுதியபோது நீங்கள் பார்த்த கல்கோட்டை அங்கே இல்லை. ஏறத்தாழ நூறு வருடம் கழித்து, 1233இல், அரசர் மூன்றாம் ஹென்றியின் தம்பி ரிச்சர்ட் தன்னுடைய வேறு நிலத்தை மாற்றாகக் கொடுத்து அந்தக் கடல் முனையை வாங்கினார். கார்ன்வால் பிரபு என்ற பட்டம் வாங்கிச் சில வருடங்களே ஆகியிருந்த இளைஞர். பணத்துக்குக் குறைவில்லை, கார்ன்வாலின் வெள்ளீய வருமானமே பெரியது. ஆனால் அந்த முனையில் கோட்டை கட்டுவதால் ராணுவ லாபம் எதுவும் இல்லை. பாதுகாக்க வேண்டிய துறைமுகமோ நகரமோ சாலையோ பக்கத்தில் கிடையாது. கட்டியதும் அன்றைய புதுப்பாணியில் இல்லை, வேண்டுமென்றே பழைய தோற்றத்தில் கட்டினார் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். ஆர்தர் கதையில் வரும் இடத்தில் உட்கார்ந்தால் கார்ன்வாலின் பழைய அரசர்களுக்குத் தானே வாரிசு என்று காட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான் கணக்கு. டின்டாஜெலில் முதல் தீம் பார்க் கட்டியவர் ரிச்சர்ட் என்று சொன்னால் வரலாற்றாசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள், ஆனால் பெரிய தவறில்லை. நூறு வருடத்தில் அது பாழாகிவிட்டது. 1330களில் பெரிய மண்டபத்தின் கூரையையே கழற்றிவிட்டார்கள்.

அதனால் மரவாள் கடைக்கும் அந்தக் கோட்டைக்கும் இடையில் நீங்கள் போடும் கோடு அவ்வளவு நேரானதில்லை. உங்கள் மகன் மரவாள் கேட்டான், ரிச்சர்ட் கோட்டை கேட்டார். ரிச்சர்டிடம் காசு அதிகம்.

சரி, கதைக்கு முந்தைய டின்டாஜெல் எது? எனக்கு அந்த இடத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். 1930களில் ராலே ராட்ஃபோர்ட் என்ற தொல்லியலாளர் அந்த முனையில் தோண்டினார். சிறுசிறு கட்டடங்களின் அடித்தளங்களும் ஏராளமான பானை ஓடுகளும் கிடைத்தன. ஓடுகள் உள்ளூர்ச் சரக்கு இல்லை. கிழக்கு மத்தியதரைக் கடலில் இருந்தும் வட ஆப்பிரிக்காவில் இருந்தும் கப்பலில் வந்தவை. எண்ணெயும் ஒயினும் கொண்டுவந்த ஆம்போரா ஜாடிகள், துருக்கியின் மேற்குக் கரையில் செய்த சிவப்புத் தட்டுகள். ஆம்போரா என்றால் நம் வாசகர்களுக்கு அரிக்கமேடு ஞாபகம் வரும். ஆனால் அரிக்கமேட்டு ஜாடிகள் ரோமப் பேரரசு உச்சத்தில் இருந்த காலத்தவை. டின்டாஜெல் ஜாடிகள் கி.பி. 5 முதல் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அதாவது ரோம ஆட்சி பிரிட்டனைக் கைவிட்டுப் போன பிறகு, அங்கே எல்லாம் இருண்டுவிட்டது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிவந்த காலம். அந்த இருண்ட காலத்தில் ஒரு காற்றடிக்கும் பாறையில் உட்கார்ந்து யாரோ கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் ஒயினைக் குடித்திருக்கிறார்கள்! அந்தக் காலத்து இறக்குமதிப் பானைகள் பிரிட்டனில் வேறெந்த ஓர் இடத்தையும் விட இங்கேதான் அதிகம் கிடைத்திருக்கின்றன.

ராட்ஃபோர்ட் இதைக் கெல்டிக் துறவிகளின் மடம் என்று முடிவு கட்டினார். பல பத்தாண்டுகள் அதுவே உண்மையாக இருந்தது. 1983இல் முனையின் மேலே புல் தீப்பிடித்து எரிந்தது. மேல்மண் போனதும் யாரும் கணக்கில் எடுக்காத இன்னும் பல கட்டடத் தடங்கள் தெரிந்தன. இவ்வளவு பெரிய குடியிருப்பு துறவிகளுக்கு எதற்கு? கார்ன்வாலைச் சேர்ந்த தொல்லியலாளர் சார்ல்ஸ் தாமஸ், இது மடமே இல்லை, டம்னோனியா என்ற பழைய தென்மேற்கு அரசின் ஆட்சியாளர்கள் வந்து தங்கிய கோட்டை என்று வாதிட்டார். இன்று அதுதான் பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. பதிலுக்கு இங்கிருந்து கப்பலேறியது பெரும்பாலும் வெள்ளீயமாக இருக்கும்.

1990களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகம் மறுபடி தோண்டியது. 1998இல் ஒரு பலகைக் கல் துண்டு கிடைத்தது. அதில் லத்தீன் எழுத்தில் கீறியிருந்த பெயர்களில் ஒன்று ஆர்டொக்னூ. பத்திரிகைகளுக்கு அது போதுமானதாக இருந்தது, 'ஆர்தர் கல்' என்று உலகம் முழுக்கத் தலைப்பு போட்டார்கள். ஆர்டொக்னூ என்பது வேறு பெயர், வேறு ஆள். அந்தக் கல்லின் உண்மையான முக்கியத்துவம் இந்தக் கூச்சலில் காணாமல் போனது. 6ஆம் நூற்றாண்டில் அந்தப் பாறையில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்று அது சொல்கிறது. அப்புறம் 2016, 2017இல் கார்ன்வால் தொல்லியல் பிரிவு தெற்குச் சரிவில் தோண்டியபோது சுமார் ஒரு மீட்டர் தடிமன் கொண்ட கற்சுவர்கள் வெளியே வந்தன. பன்றி எலும்பு, சிப்பி ஓடு, வெளிநாட்டுக் கண்ணாடிக் கோப்பைத் துண்டுகளும் கிடைத்தன. இரண்டடி நீளமான ஒரு ஜன்னல் விளிம்புக் கல்லும் கிடைத்தது. 7ஆம் நூற்றாண்டில் யாரோ அதில் எழுதிப் பழகியிருக்கிறார்கள். டிட்டோ, விரிடியுஸ் போன்ற ரோமப் பெயர்கள், பூடிக் என்று ஒரு பிரிட்டானியப் பெயர், கிரேக்க டெல்டா எழுத்து. ஆவணங்களும் அலங்கரித்த பைபிள் பிரதிகளும் எழுதத் தெரிந்த கை அது என்கிறார்கள்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்தர் இல்லாமலே அந்த இடம் பிரமாதமானது. அதே நேரம், அந்தப் பெண்மணி சொன்ன கெல்டிக் என்ற சொல்லையும் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும். அந்தப் பாறையில் இருந்தவர்கள் பேசியது கார்ன்வாலின் கார்னிஷ், வேல்ஸின் வெல்ஷ், பிரான்சின் பிரிட்டனிப் பகுதியின் பிரெத்தோன் மொழிகளுக்கு மூதாதையான ஒரு மொழி, சந்தேகமில்லை. ஆனால் தங்களைக் கெல்ட்டுகள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டதில்லை. இந்த மொழிகளைக் கெல்டிக் என்ற குடும்பமாகக் கட்டியது 1707இல் வெளிவந்த எட்வர்ட் லூயிடின் ஆய்வு. டின்டாஜெல் ஆட்சியாளர்கள் தங்களை யாராக நினைத்தார்கள் என்று கேட்டால், கல்லில் கீறிய பெயர்களையும் மேஜையில் இருந்த தட்டுகளையும் பார்க்கும்போது, பாதி ரோமர்களாகவே நினைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்போது பொய் என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். ஜெஃப்ரி நிறையக் கற்பனை செய்தவர். ஆனால் ஆர்தரைக் கார்ன்வால் மக்களின் தலையில் கட்டியது அவர் இல்லை. 1113இல் பிரான்சின் லான் நகரத்தில் இருந்து சில குருமார்கள் தீயில் எரிந்த தங்கள் தேவாலயத்துக்கு நன்கொடை திரட்ட இங்கிலாந்து வந்தார்கள். புனிதச் சின்னங்களைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனார்கள். எக்ஸிடரில் இருந்து கார்ன்வாலின் போட்மின்னுக்குப் போகும் வழியில் உள்ளூர்க்காரர்கள் அவர்களுக்கு ஆர்தரின் நாற்காலி, ஆர்தரின் அடுப்பு என்று பாறைகளைக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் காரில் போன அதே பக்கம்தான்! போட்மின்னில் கை சூம்பிய ஒருவன் குணமாக வேண்டும் என்று வந்தான். வந்த இடத்தில் ஆர்தர் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்றான். வந்தவர்களில் ஒருவர் கிண்டல் செய்தார். பேச்சு முற்றி அடிதடி ஆகிவிட்டது, ரத்தம் சிந்தும் அளவுக்குப் போயிருக்கும் என்கிறது குறிப்பு. ஜெஃப்ரி பேனாவைத் தொடுவதற்கு இருபது வருடத்துக்கும் முன்பு நடந்தது இது. அதாவது ஆர்தர் வரலாற்று மனிதரா என்பது நிரூபிக்க முடியாதது, கார்ன்வால் மக்கள் ஆர்தரை நம்பினார்கள் என்பது எழுத்தில் பதிவானது. இரண்டாவதும் வரலாறுதான்.

அடுத்து நடந்தது அந்தப் பெண்மணியின் கோபத்துக்கு நேராக வருகிறது. பழைய குறிப்புகளில் ஆர்தர் யாரோடு சண்டை போடுகிறார்? 9ஆம் நூற்றாண்டு வெல்ஷ் தொகுப்பு ஒன்று அவருடைய பன்னிரண்டு போர்களைப் பட்டியலிடுகிறது. எதிரிகள் சாக்சன்கள், அதாவது இன்றைய ஆங்கிலேயர்கள் தங்கள் முன்னோர் என்று சொல்லும் அதே மக்கள். அந்த ஆர்தர் எப்படி இங்கிலாந்தின் பெருமைக்குரிய அரசர் ஆனார்? 1184இல் கிளாஸ்டன்பரி மடம் எரிந்தது, கட்டப் பணம் வேண்டும். 1191 வாக்கில் துறவிகள் தோண்டி ஆர்தரின் சவப்பெட்டியையே கண்டுபிடித்துவிட்டார்கள். யாத்திரிகர்கள் குவிந்தார்கள். இதில் கூடுதல் லாபம் ஒன்றும் இருந்தது. ஆர்தர் திரும்பி வருவார் என்று வேல்ஸிலும் கார்ன்வாலிலும் காத்திருந்தவர்களுக்கு, செத்துப் போனார், இதோ எலும்பு என்று காட்டியாயிற்று. 1278இல் வேல்ஸைக் கைப்பற்றிக்கொண்டிருந்த முதலாம் எட்வர்ட் அந்த எலும்புகளைத் தன் கண்முன்னே பெரிய விழாவோடு மறுபடி அடக்கம் செய்ய வைத்தார். வின்செஸ்டர் நகரில் சுவரில் தொங்கும், ஆர்தருடையது என்று சொல்லப்படும் வட்ட மேஜையும் அவர் காலத்தில் செய்ததாகவே கருதப்படுகிறது. எட்டாம் ஹென்றி அதற்கு வண்ணம் பூசவைத்தபோது அதிலிருக்கும் ஆர்தருக்கு ஏறத்தாழ அவருடைய முகமே வந்துவிட்டது. தோற்றவனின் நாயகனை எடுத்துத் தன் தாத்தா ஆக்கிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது கஷ்டம். ரிச்சர்டின் கோட்டையும் இதே வரிசையில்தான் வருகிறது.

ஆகவே அந்த அம்மா கோபப்படுவதில் எண்ணூறு வருடக் கணக்கு இருக்கிறது. கார்னிஷ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசித் தலைமுறைக்காரராகச் சொல்லப்படும் டாலி பென்ட்ரீத் 1777இல் இறந்தார். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இருந்து அதை மீட்டெடுக்கிறார்கள், 2002இல் ஐரோப்பிய மொழிச் சாசனத்தின் கீழ் பிரிட்டன் அதை அங்கீகரித்தது. 2014இல் கார்னிஷ் மக்களுக்குத் தேசியச் சிறுபான்மையினர் என்ற அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் ஒரு விஷயத்தைப் பாருங்கள். வேல்ஸின் பழங்கோட்டைகளை வெல்ஷ் அரசின் கீழ் காட்வ் என்ற அமைப்பு நிர்வகிக்கிறது. ஸ்காட்லாந்துக்குத் தனி அமைப்பு இருக்கிறது. கார்ன்வாலுக்கு மட்டும் இல்லை. டின்டாஜெலின் நிலம் டச்சி ஆஃப் கார்ன்வாலுக்குச் சொந்தம், அதாவது பட்டத்து இளவரசரின் எஸ்டேட், இப்போது வில்லியம். 1930 வாக்கில் இருந்து பராமரிப்பு அரசுத் துறையிடம் இருந்தது, பிறகு இங்கிலீஷ் ஹெரிடேஜிடம் வந்தது. 2015 முதல் அது ஓர் அறக்கட்டளை, செலவைப் பெருமளவு தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். மெர்லின் முகமும் வெண்கலச் சிலையும் 2016இல் முளைத்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம் என்றுதான் நான் நினைக்கிறேன். அது அந்த அமைப்பின் அதிக வசூல் இடங்களில் ஒன்று.

பலகை விஷயத்தில் அந்தப் பெண்மணி முதல் ஆள் இல்லை. பழைய வெள்ளீயச் சுரங்கக்காரர்களின் ஸ்டானரி பாராளுமன்றத்தைப் புதுப்பித்ததாகச் சொல்லிக்கொண்ட ஒரு குழு, 2000ஆம் ஆண்டை ஒட்டி கார்ன்வால் முழுக்கச் சுற்றி 18 இங்கிலீஷ் ஹெரிடேஜ் பலகைகளைக் கழற்றிக்கொண்டு போனது. ஒளித்து மறைத்துச் செய்யவில்லை, எடுத்துவிட்டோம் என்று கடிதமும் எழுதினார்கள். மூன்று பேர் மீது வழக்கு நடந்து 2002 ஜனவரியில் முடிந்தது. பலகைகளைத் திருப்பிக் கொடுத்து 4,500 பவுண்டும் கட்ட ஒப்புக்கொண்டார்கள், தண்டனை இல்லாமல் விட்டுவிட்டார்கள். எனக்கு அவர்கள் செய்த காரியத்தில் உடன்பாடு இல்லை. ஆனால் கார்ன்வாலின் கற்கள் மீது 'இங்கிலீஷ்' என்று ஒட்டும்போது உள்ளூர்க்காரருக்கு ஏன் எரிகிறது என்பதைப் புரிந்துகொள்வதும் கஷ்டமில்லை.

மெர்லின் முகத்தைப் பற்றி எனக்குத் தெளிவான கருத்து உண்டு. அது தப்பு. கற்பனை என்பதற்காக இல்லை. பாதுகாக்கச் சொல்லிக் கையில் கொடுத்த பாறையை உளி வைத்துச் செதுக்கியதற்காக. குகைக்குப் பக்கத்தில் செதுக்கியிருக்கிறார்கள், அதை மெர்லினின் குகை என்பதே 19ஆம் நூற்றாண்டில் டென்னிசனின் கவிதைகள் புகழ்பெற்ற பிறகு பரவிய வழக்கம். கார்ன்வால் உள்ளூர் வரலாற்றாளர்களின் சங்கம் அப்போதே கண்டித்தது, டிஸ்னி ஆக்குகிறார்கள் என்றார்கள். வெண்கலச் சிலை மீது எனக்கு அவ்வளவு கோபம் இல்லை. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடலாம். ஆர்தர் என்று எழுதாமல் காலோஸ், அதாவது வலிமை, என்று கார்னிஷில் பெயர் வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆளில்லாத வெறும் அங்கியாக அதைச் செய்த விதமும் பரவாயில்லை, யார் என்று தெரியாத ஓர் அரசனுக்குப் பொருந்துகிறது. 2019இல் திறந்த பாலம் எனக்குப் பிடித்திருக்கிறது. இரு பக்கத்தில் இருந்தும் நீண்டு வந்து நடுவில் நான்கு சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நிற்கிறது. ரிச்சர்ட் காலத்தில் இரண்டு பக்கத்தையும் இணைத்த நிலத்துண்டு கடலில் சரிந்துபோன இடம் அது. கால் வைக்கும்போது கீழே பார்த்தீர்களா?

ஆனால் எனக்கு மெர்லினைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. ஆர்தர் அங்கே மற்றவர்களை எல்லாம் விழுங்கிவிட்டார். டின்டாஜெலுக்கு இன்னொரு கதை இருக்கிறது, ஆர்தர் கதையைவிடக் கார்ன்வாலுக்கு நெருக்கமானது. மார்க் அரசன், அவனுடைய சகோதரி மகன் டிரிஸ்டன், அயர்லாந்தில் இருந்து மார்க்குக்கு மணமகளாகக் கொண்டுவரப்பட்டு டிரிஸ்டனைக் காதலித்த இசோல்ட். 12ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுக் கவிகள் மார்க்கின் அரண்மனையை டின்டாஜெலில் வைக்கிறார்கள். ஆர்தரைப் பிரிட்டன் முழுக்கப் பல ஊர்கள் உரிமை கொண்டாடுகின்றன. மார்க் கார்ன்வால் அரசன், வேறு எங்கேயும் போகவில்லை. ஆனால் சுற்றுலாப் பயணிகளில் எத்தனை பேருக்கு அவன் பெயர் தெரியும்?

இதில் வெளியூர்க்காரர்களை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. நீங்கள் தங்கிய கிராமத்தின் பழைய பெயர் ட்ரெவெனா. நல்ல கார்னிஷ் பெயர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆர்தர் மோகத்தில் பயணிகள் வரத் தொடங்கிய பிறகு, 1900 வாக்கில் டின்டாஜெல் என்ற பெயரே ஊருக்கும் நிலைத்தது. கோட்டை முனையில் இருந்த பெயரை ஊர் தனக்கு எடுத்துக்கொண்டது. 1930களில் கஸ்டர்ட் பவுடர் விற்றுப் பணக்காரரான ஃபிரெடெரிக் கிளாஸ்காக் என்பவர் அந்த ஊரிலேயே ஆர்தரின் பெயரால் ஒரு மாபெரும் மண்டபம் கட்டினார். 72 வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், வட்ட மேஜை, சிம்மாசனம் எல்லாம் உண்டு, இன்றும் போய்ப் பார்க்கலாம். உங்கள் வீட்டுக்காரப் பெண்மணியின் அறைகள் கோடையில் நிரம்புவதும் ஆர்தரால்தான். இதை அவரிடம் சொல்லியிருந்தால் சிரித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அப்படியானால் யாருடையது? சட்டப்படி யாருடையது என்பதைச் சொல்லிவிட்டேன். ரத்த வழியில் உரிமை கேட்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை, 6ஆம் நூற்றாண்டு டம்னோனிய அரசனுக்கும் இன்று டின்டாஜெலில் பேஸ்டி என்ற இறைச்சிப் பலகாரம் விற்பவருக்கும் இடையில் யாரும் வம்சாவளி வரைந்து காட்ட முடியாது. ஆனால் அந்த இடத்தைச் சுற்றி வாழ்ந்து, அந்த மொழியை மண்ணில் இருந்து மீட்டு, அந்தக் கதைகளைக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள். பாறையில் முகம் செதுக்கலாமா என்று முடிவெடுக்கும் அறையில் அவர்கள் இருக்க வேண்டும், கருத்துக் கேட்பு என்ற பெயரில் கடைசியில் கூப்பிட்டு அல்ல, ஓட்டுரிமையோடு. வேல்ஸ் தன் கோட்டைகளைத் தானே பார்த்துக்கொள்ளும்போது கார்ன்வாலால் முடியாது என்று சொல்ல எந்தக் காரணமும் இல்லை. 2000 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் மிக ஏழைப் பகுதிகளுக்கான நிதி வாங்கிய இடம் அது. டிக்கெட் பணத்தில் ஒரு பங்கு அங்கேயே தங்கினால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. இதெல்லாம் நடந்துவிட்டால் கார்னிஷ்காரர்கள் மெர்லின் முகத்தை அழித்துவிடுவார்களா என்றால், எனக்குத் தெரிந்து மாட்டார்கள். இரண்டாவது முகம் செதுக்கினாலும் ஆச்சரியமில்லை. அது அவர்கள் பாடு.

பையனிடம் ஆர்தர் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள். யாரென்று தெரியாத ஓர் அரசன் அங்கே இருந்தான், துருக்கியில் செய்த தட்டில் சாப்பிட்டான், நூற்றாண்டுகள் கழித்து ஜனங்கள் அவன் இடத்தில் ஆர்தரை வைத்தார்கள் என்று சொல்லுங்கள். பத்து வயதுக்கு அது புரியும். ஆர்டொக்னூ கல் ட்ரூரோவில் இருக்கும் ராயல் கார்ன்வால் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, மழை நாளுக்கு ஏற்ற இடம். டின்டாஜெலுக்கு மறுபடி போனால் முனைக்கு எதிரே பாறை விளிம்பில் தனியாக நிற்கும் புனித மட்டேரியானா தேவாலயத்துக்கு நடந்து போங்கள். உள்ளே லிசினியுஸ் பேரரசரின் பெயர் பொறித்த ரோமக் கல் ஒன்று உண்டு, அதற்கு டிக்கெட் கிடையாது.

தெற்குக் கரைக்குப் போவதாக இருந்தால் ஃபோவி ஊருக்குச் சற்று வெளியே, சாலையோரம் ஓர் உயரமான கல் நிற்கிறது. 6ஆம் நூற்றாண்டுக் கல். கூனோமோருஸின் மகன் டிரஸ்டானுஸ் இங்கே கிடக்கிறான் என்று அதில் எழுதியிருப்பதாகப் படிக்கிறார்கள். டிரிஸ்டன்தான் இந்த டிரஸ்டானுஸ் என்று பலர் நம்புகிறார்கள். 9ஆம் நூற்றாண்டுப் பிரெத்தோன் துறவி ஒருவர் எழுதிய புனிதர் வரலாறு மார்க்குக்குக் கூனோமோருஸ் என்று இன்னொரு பெயரும் உண்டு என்கிறது. அப்படியானால் கதையில் மாமாவும் மருமகனுமாக வருபவர்கள் கல்லில் அப்பாவும் மகனும் ஆகிவிடுகிறார்கள், கதை இன்னும் மோசமாகிறது! முதல் பெயரை அப்படிப் படிக்கலாமா என்பதிலேயே சண்டை இருக்கிறது. பையனைக் கூட்டிக்கொண்டு போய் அவனையே படிக்கச் சொல்லுங்கள். எழுத்துகள் மிகவும் தேய்ந்திருக்கின்றன, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போனால்தான் ஓரளவு தெரியும்.

அன்புடன்